கட் சொல்லாத மத்தியானம்

பங்குனி பதினேழாம் தேதி மத்தியானம் பன்னிரண்டேகால் மணிக்கு எங்கள் ரேஷன் கடைச் சந்தில் ராத்திரி ஆனது, அதற்குப் பிறகு பதினோரு நாளைக்கு விடியவில்லை. மேற்கே ரேஷன் கடைச் சுவரில் தொடங்கிக் கிழக்கே என் மாவு மில்லைத் தாண்டிய சாக்கடைப் பாலம் வரைக்கும்தான் அந்த ராத்திரி. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் கண்ணைப் பறிக்கும் வெயில், இந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் நீலமாக நிலா வெளிச்சம். பாலத்தடி வேப்பமரம் பாவம், பாதி பகலிலும் பாதி இரவிலுமாக மாட்டிக்கொண்டது, ஒரு கிளையில் காக்கா கத்திக்கொண்டிருக்க இன்னொரு கிளையில் காக்கா தூங்கிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பாதி ஊர் அங்கே வந்து படுத்திருந்தது.

அந்த ராத்திரியைச் செய்தது தெய்வமும் இல்லை, கிரகணமும் இல்லை, கோயமுத்தூரில் விஸ்காம் என்று படம் எடுக்கிற படிப்பு படிக்கிற நாலு பிள்ளைகள். என் மில்லுக்கு எதிர்வீட்டுத் துளசிமணியின் ஒரே மகள் கௌசிகா டைரக்டர், இம்தியாஸ் என்று ஒரு ஒல்லிப் பையன் காமிராமேன், மற்ற இரண்டு பேர் குடை பிடிக்கவும் திட்டு வாங்கவும். கடைசி வருஷத்துக் குறும்படம். கதை இவ்வளவுதான்: நூல் மில்லில் வேலை முடிந்த ஒரு பெண் நடுராத்திரியில் தனியாகச் சந்து வழியே நடந்து வந்து, வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்குகிறாள். ராத்திரிக் கதையை ராத்திரியில் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"ஹாஸ்டல்ல ஆறு மணிக்கு கேட்டப் பூட்டீருவாங்க மாமா. பொண்ணுங்க ராத்திரி ஷூட்டிங் போகக் கூடாதுன்னு காலேஜ்ல எழுதியே ஒட்டியிருக்குது. அதனால ராத்திரிய நாங்க பகல்லயே பண்ணிக்கோணும்" என்றாள் கௌசிகா.

பண்ணினார்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் விழுகிற மாதிரி ஆளை நிறுத்தினார்கள், வானம் படத்துக்குள் வராதபடி காமிராவைத் தாழ்த்தினார்கள், வெளிச்சம் உள்ளே போகும் வழியைக் குறுக்கினார்கள், காமிராவில் குண்டு பல்புக்கு வைக்க வேண்டிய நிறக் கணக்கை வெயிலுக்கு வைத்து வெயிலை நீலமாக்கினார்கள். புகை போடும் மெஷினுக்கு வக்கில்லாமல் என் வீட்டுச் சாம்பிராணிக் கரண்டியை வாங்கி ஊதினார்கள், தரை பளபளக்க வேண்டும் என்று சந்து முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள். இரைச்சல் படத்தில் விழும் என்று சொல்லி என் மாவு மில்லை நிறுத்தச் சொன்னார்கள், நானும் முனகிக்கொண்டே மெஷின் பட்டையைக் கழற்றினேன். அந்தச் சின்னத் திரையில் எட்டிப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பட்டப்பகலில் எங்கள் சந்து, எங்கள் சந்தைவிட அழகான ஒரு ராத்திரியில் நனைந்துகொண்டிருந்தது.

நடிக்க ஆள் கிடைக்காமல் அம்மாவையே நடிக்க வைத்தாள் கௌசிகா. துளசிமணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புருஷன் செத்த வருஷம், ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஆள் வேண்டுமே என்று நூல் மில்லில் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டவள், பிறகு அந்த மில் அவளை அதிலிருந்து விடவே இல்லை, பதிமூன்று வருஷம் ராத்திரி பத்து மணிக்குப் போய்க் காலை ஏழு மணிக்குத் திரும்பினாள். பகலில் தூங்கலாம் என்று சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை, ஆனால் மேலே தகரக் கூரை, வாசலில் மீன்காரர், கோவில் ரேடியோ, எதிரே காலை பத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் தடதடவென்று என் மில். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கண் மூடினால் அது பெரிய விஷயம். அதற்கு முந்தின மாதம் ஓடுகிற நூல் மெஷின் முன்னால் நின்றபடியே சொக்கி விழுந்து, சேலைத் தலைப்பு மாட்டி, ஒரு விரல் நகம் போனதோடு தப்பித்தாள். அதே இடத்தில் நின்ற இன்னொருத்திக்கு முன்னாடி மூன்று விரல் போயிருந்தது. இவள் இப்படியே தூங்காமல் போனால் அடுத்த தடவை முழுக் கை போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நான் என் மாவு மில்லை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த மத்தியானம் துளசிமணி நனைந்த சந்து வழியே நடந்து வந்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், படுத்தாள். நடிப்பு பிரமாதம் என்று இம்தியாஸ் கட்டை விரலைக் காட்டினான். அரை நிமிஷம் ஆனது, ஒரு நிமிஷம் ஆனது, கௌசிகா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. டைரக்டர் "கட்" என்று சொன்னால்தான் ஒரு ஷாட் முடியும், அது அவர்கள் தொழிலின் முறை. அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கையால் ஜாடை காட்ட, நாலு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சாமான்களைக் கட்டி, ஆறு மணிக்குள் ஹாஸ்டலில் இருக்க வேண்டுமே என்று பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். ராத்திரியை மட்டும் யாரும் கட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை.

முதல் நாள் எங்களுக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை, மேகம் போட்டிருக்கிறது என்றுதான் நினைத்தோம். சாயங்காலமாகி எங்கள் பழைய கறுப்பு ராத்திரி வந்தது, அது போய் மறுநாள் காலை சூரியன் நிலாவாக எழுந்தபோதுதான் எல்லாரும் வாசலுக்கு வந்தோம். சந்தின் தரை நனைந்தது நனைந்தபடியே இருந்தது, சாம்பிராணிப் புகை முழங்கால் உயரத்தில் நின்றது, யார் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்கள் தோளிலும் தலைமுடியிலும் பின்னாலிருந்து ஒரு வெள்ளிக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டு அவரவர் காப்பி போடப் போனோம். காப்பி வேண்டும்தானே.

பிரச்சினை என்னவென்றால், ராத்திரி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குரிய மரியாதையைச் செய்தாக வேண்டும். மளிகைக்கடைச் சரசாள் பகல் பதினொரு மணிக்கு உப்பு கேட்டால் தரமாட்டேன் என்றாள், விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டு உப்பை அனுப்பும் வழக்கம் அவள் வம்சத்திலேயே இல்லையாம். ஊசியும் கிடையாது, தயிரும் கிடையாது. யாரும் நகம் வெட்டவில்லை, விசிலடிக்கவில்லை, வாசல் குப்பையை வெளியே தள்ளவில்லை, உப்பு வேண்டியவர்கள் பாலம் தாண்டி வெயிலுக்குள் போய் வாங்கி வந்து, நிலா வெளிச்சத்தில் வடகம் பிழிந்து, அதே நிலாவில் காய வைத்தார்கள். வடகம் வழக்கம்போல் ஒரே நாளில் காய்ந்தது. ஈரத் துணியும் காய்ந்தது. மீன்காரர் பாலம் வரைக்கும் கூவிக்கொண்டு வந்து, பாலத்தைத் தாண்டியதும் தானாகக் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வீட்டுக் கதவருகிலும் குனிந்து "மத்தி இருக்குதுங்க" என்று ரகசியம்போல் சொல்லிவிட்டுப் போனார். பூசாரி கோவில் மணியின் நாக்கில் துணி சுற்றினார். ராத்திரியில் மாவு அரைக்க யார் வருவார்கள், நான் மில்லைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் சரசாளின் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் சந்து வெளிச்சத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சொக்கிப் போய் அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள், பிறகு பாலம் தாண்டி வெயிலில் நின்று பார்த்தபோது இரண்டு பேருக்கும் லேசாக ஏமாற்றம்தான், ஆனாலும் இரண்டு பேருக்கும் சமமான ஏமாற்றம் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

துளசிமணி இரண்டு நாள் ஒரே மூச்சாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து, பானையில் இருந்த சோற்றை எல்லாம் சாப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மில்லுக்குப் போனாள், காலையில் வந்து நீல நிலாவுக்குக் கீழே படுத்துச் சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். அவள் முகத்தில் கன்னம் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து அவளோடு வேலை செய்யும் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸ், ஏடிஎம் வாட்ச்மேன், புரோட்டா மாஸ்டர், காய்கறி லாரி ஓட்டுகிறவர்கள், ராத்திரி முழுக்க முழித்து ஊரை நடத்துகிறவர்கள் எல்லாரும் பகல் பொழுதில் எங்கள் சந்துக்கு வந்து இரண்டு பக்கமும் வரிசையாகப் படுத்தார்கள். நனைந்த தரையில் பாய் நனையவில்லை. நாங்கள் அவர்கள் தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் வைத்தோம், கொசுவத்தி ஏற்றினோம், குக்கர் விசில் வரும் முன்னால் ஓடிப் போய் அடுப்பைத் தணித்தோம். எழுபது பேர் தூங்கும்போது அந்த மூச்சு சந்தில் ஏறி இறங்குவது எனக்கு மூடிய மில் வாசலில் உட்கார்ந்தால் கேட்கும். இவ்வளவு பேர் எங்களுக்காக முழித்திருந்தார்கள் என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

குறை சொல்கிறவர்களும் இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு எழ மறுத்தார்கள், சேவல் குழம்பிப் போய்ப் பேசாமலே இருந்துவிட்டது, நான்காம் வீட்டுக்காரர் தன் ரோஜாச் செடி மொட்டோடு நிற்கிறது என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தார். பஞ்சாயத்தார் காலேஜுக்குப் போன் போட்டார்கள். காலேஜிலிருந்து ஒரு வாத்தியார் வந்து சந்தைச் சுற்றிப் பார்த்து, படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்தீர்களா என்று கேட்டார். இல்லை. சினிமாவில் கடைசி நாள் பூசணிக்காய் உடைக்காமல் எவனும் மூட்டை கட்ட மாட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு பிள்ளைகளும் வந்து கற்பூரம் ஏற்றிச் சுற்றி, தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று மெத்தையின் மேல் வைத்துப் பூசணிக்காயை உடைத்தார்கள். ராத்திரி அசையவில்லை.

அப்போதுதான் இம்தியாஸ் காமிராவைக் காட்டினான். பேட்டரியைக் கழற்றி ஆறு நாள் ஆகியும் அதில் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஷாட் இன்னும் போயிட்டிருக்குது. இவ கட் சொல்லவே இல்லைங்க" என்றான்.

எல்லாரும் கௌசிகாவைப் பார்த்தோம். அவள் அழவில்லை, ஆனால் அழுத பிறகு வருகிற குரலில் பேசினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்ல மாட்டேன். எனக்கு வெவரம் தெரிஞ்சு எங்கம்மா தூங்கிப் பார்த்ததே இல்லை. நான் ஸ்கூலுக்குக் கிளம்பறப்ப வரும், நான் படுக்கறப்ப போகும். உங்களுக்கு ரோசாப்பூ வேணும்னா பாலத்துக்கு அக்கட்ட செடி வைங்க."

நான்காம் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவளை வற்புறுத்தவில்லை, பிள்ளைகள் அந்த நீல ராத்திரியிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

அப்படியே இன்னும் எத்தனை நாள் போயிருக்குமோ தெரியாது, ஒன்பதாம் நாள் மில் மேனேஜர் சந்திரமோகன் காரில் வந்து இறங்கினார். பாலத்தருகில் ஷூவைக் கழற்றிவிட்டு, படுத்திருக்கிறவர்களுக்கு நடுவில் பூனை மாதிரி நடந்து, ஒவ்வொரு முகமாக டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரமாக நைட் ஷிப்டில் நூல் அறுகிறதே இல்லையாம், ஆட்கள் இரண்டு மடங்கு ஓடுகிறார்களாம். என் மில் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவான குரலில் திட்டம் சொன்னார்.

"அருமையான இடமுங்க. சுத்தி ஒரு காம்பவுண்டு போட்டு, மேலே ஷெட்டு அடிச்சு, கம்பெனியே பாத்துக்கும். பகல்ல இங்க தூங்கட்டும், ராத்திரி அங்க வேலை செய்யட்டும். தூக்கம்தான் பிரச்சினைன்னாங்க, தீந்துபோச்சு. இனி ஒம்பது மணி நேரம் என்னத்துக்கு, பன்னெண்டு மணி நேரமே போடலாம். எல்லாப் பொம்பளைங்களையும் நைட்டுக்கே மாத்தீரலாம்."

எதிரே கட்டிலில் துளசிமணி கண் திறந்து படுத்திருந்ததை நான் பார்த்தேன். ஒன்பது நாள் தூங்கியவளுக்கு மேனேஜர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழுந்தது. பதிமூன்று வருஷமாக அவளிடம் யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போவாள், அது அவள் குணம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். குணம் இல்லை, அசதி. மேனேஜர் கார் போனதும் எழுந்து உட்கார்ந்தாள், முடியை அள்ளி முடிந்தாள், பக்கத்தில் படுத்திருந்தவளைத் தட்டி எழுப்பினாள், அவள் அடுத்தவளை எழுப்பினாள். மில்லில் வேலை செய்யும் நாற்பது பெண்களும் சாம்பிராணிப் புகையில் வட்டமாக உட்கார்ந்து, மற்றவர்கள் தூக்கம் கெடாமல் குசுகுசுவென்று இரண்டு நாள் பேசினார்கள்.

பதினோராம் நாள் கௌசிகாவை வரச் சொன்னாள். நான் கூடவே இருந்தேன்.

"கண்ணு, அந்த வார்த்தையச் சொல்லீரு" என்றாள் துளசிமணி.

"மாட்டேம்மா. சொன்னா மறுக்கா நீ தூங்க மாட்டே. உன்ற கை போயிரும்."

"இந்த ராத்திரி இருந்தா நான் பகலையே பாக்க மாட்டேன் சாமி. தூங்கறதுக்குத்தான் எடம் இருக்குதேன்னு சாகற வரைக்கும் நைட்டே போட்டுருவாங்க. என்னைய மட்டுமில்ல, எல்லாத்தையும். நான் நெம்ப நாளைக்கப்பறம் நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கறேன். இப்ப எனக்கு நெம்பக் கோவம் வருது. இது தீர்றதுக்குள்ள நான் போய்ப் பேசோணும். சொல்லு."

கௌசிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த நகமில்லாத விரலை. பிறகு தூங்குகிறவர்கள் எல்லாரையும் எழுப்பச் சொன்னாள், எல்லாரும் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு நின்ற பிறகு, தொண்டையைச் செருமி, "கட்" என்றாள். சின்னக் குரல்தான். அது போதுமாக இருந்தது. வெயில் தடாரென்று சந்துக்குள் விழுந்தது, தரை ஆவி விட்டுக் காய்ந்தது, எங்கள் தோளில் இருந்த வெள்ளிக் கோடுகள் போய் நாங்கள் பழையபடி சாதாரணமாக ஆனோம், சேவல் பதினோரு நாள் பாக்கியை ஒரே மூச்சில் கூவித் தீர்த்தது.

அந்த வெயிலிலேயே நாற்பது பெண்களும் நடந்து மில்லுக்குப் போனார்கள். எல்லா ஷிப்டையும் எல்லாருக்கும் வாரம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒருத்தி தலையிலேயே ராத்திரியைக் கட்டக் கூடாது, அதுதான் அவர்கள் கேட்டது. மேனேஜர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். "நாங்க யோசிச்சு முடிச்சுட்டு வந்திருக்கறமுங்க" என்றாளாம் துளசிமணி. அவர் அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு வேறு ஆள் எடுப்பேன் என்றார். அன்றைக்கு ராத்திரி ஷிப்டுக்கு ஒருத்தியும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, நன்றாகத் தூங்கிய நாற்பது பேரை எப்படிப் பயமுறுத்துவது என்பது அந்த ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. நாலாம் நாள் அட்டவணையை மாற்றி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். துளசிமணிக்கு முதல் வாரம் காலை ஷிப்ட்.

காலை ஷிப்டுக்குப் போகிறவள் ராத்திரி தூங்க வேண்டும். பதிமூன்று வருஷம் ராத்திரியில் கண் மூடாத உடம்பு அது, வேலைக்குப் போகாத ராத்திரிகளிலும் முழித்தே கிடந்தது, இனி மூடுமா என்று யாருக்கும் தெரியாது. மூடாவிட்டால் காலையில் அதே மெஷின், அதே சேலைத் தலைப்பு. கௌசிகா ஹாஸ்டலில் சண்டை போட்டு லீவு வாங்கி வந்திருந்தாள். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தார்கள். நான் சும்மா காற்று வாங்குகிற மாதிரி வாசலில் நின்றேன், பார்த்தால் சரசாளும் சும்மா நிற்கிறாள், பூசாரி சும்மா நிற்கிறார், நான்காம் வீட்டுக்காரர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் காலிக் குவளையோடு நிற்கிறார். எங்கள் சொந்த ராத்திரி, கறுப்பு ராத்திரி, தெருவிளக்கு ஒன்றுகூட எரியவில்லை, படம் எடுக்கவே லாயக்கில்லாத ராத்திரி. பத்து மணிக்கு உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பதினொரு மணிக்கு அவள் நடக்கிற கொலுசுச் சத்தம், வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. பன்னிரண்டுக்குத் தண்ணீர் மொண்டு குடித்தாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லை என்றால் தூக்கம் என்று அர்த்தமா, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று அர்த்தமா, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம், இருட்டில் முகம் தெரியவில்லை.

பன்னிரண்டரை இருக்கும். முதலில் லேசாக, யாரோ தரையில் பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, நின்றது, எங்கள் எல்லாருடைய மூச்சும் அதோடு நின்றது, பிறகு மறுபடியும் தைரியமாக எழுந்து, தகரக் கூரை அதிர, சந்து முழுக்கக் கேட்கிற ஒரு பெரிய குறட்டையாக வந்தது. கதவு மெதுவாகத் திறந்தது. கௌசிகா வெளியே வந்து, இருட்டில் இத்தனை பேர் நிற்பதைப் பார்த்துத் திகைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். சரசாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம். துளசிமணியின் குறட்டை எதிர்வீட்டு ஜன்னல் வழியாக என் கட்டில் வரைக்கும் வந்தது, அன்றைக்கு விடிய விடிய எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.